மூன்றடிக்கு ஐந்தடி

வட்டத்தின் பத்தாமாண்டு மலருக்கு வரலாறு சார்ந்த கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, என் கைவசம் இருந்தது ஒரு வாடகை விளம்பரம் மட்டுமே. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், கீழ்க் கிழக்குப் பகுதி என்று நெடுங்காலம் வழங்கிவந்த வட்டாரத்தில் என் மைத்துனரின் மகன் குடியிருக்கிறான். வீடு தேடிய நாளில் கண்ட விளம்பரத்தை அச்செடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தான். அதன் தலைப்பு வரி இவ்வளவுதான்: வெயில் நிறைந்தது, புதுப்பிக்கப்பட்டது, பூங்காவுக்கு அருகில். அதன்கீழ் வாடகைத் தொகை. தொகையை இங்கே எழுதினால் வாசகர்கள் அடுத்த வரிக்கு வரமாட்டார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நம் ஊரில் 'வெயில் நிறைந்த வீடு' என்று விளம்பரம் செய்தால் யாரும் குடிவர மாட்டார்கள். மேற்குப் பார்த்த வீடா என்று கேட்டு முகத்தைச் சுளிப்பவர்கள் நாம். ஆனால் அந்த நகரத்தில் வெயில் என்பது பருவநிலையைக் குறிக்கும் சொல்லாக மட்டும் இருந்ததில்லை. அதற்கு ஒரு சட்டப்பொருள் உண்டு, நீதிமன்ற வழக்குகள் உண்டு, செத்தவர்கள் உண்டு. இதை நான் புத்தகத்தில் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு ஜன்னலின் வழியாகத் தெரிந்துகொண்டேன்.

மார்கழிக் குளிரில் மூன்று வாரம் அவ்வீட்டில் தங்கியிருந்தேன். ஐந்து மாடிச் செங்கற் கட்டடம். முகப்பில், தீப்பிடித்தால் இறங்குவதற்கான இரும்பு ஏணிப்படிகள். மின்தூக்கி கிடையாது. நான்காம் தளத்துக்கு மூச்சு வாங்க ஏறிச் சென்றால், ரயில்பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். தெருவை நோக்கிய முன்னறை, அதன்பின் உள்ளறை, கடைசியில் சமையலறை. வெள்ளைச் சுவர், மெருகேற்றிய மரத்தரை, புத்தம் புதிய குளியலறை. இவற்றுக்கு நடுவே ஒரு விநோதம்: முன்னறைக்கும் உள்ளறைக்கும் இடையிலான சுவரில், வெளியே எதையும் காட்டாத ஒரு ஜன்னல். கண்ணாடி, மரச்சட்டம், கொக்கி எல்லாம் உண்டு. திறந்தால் அடுத்த அறையின் கட்டில் தெரியும். வீட்டைக் காட்டிய தரகர் அதைப் பழங்கால அழகு என்று சொல்லியிருக்கிறார். அளந்து பார்த்தேன். அகலம் மூன்றடி, உயரம் ஐந்தடி.

அந்த அளவு ஒரு தச்சனின் விருப்பம் அன்று. 1901ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வாசகம்.

கதையைச் சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1811இல் மன்ஹாட்டன் தீவின் பெரும்பகுதியைச் சதுரங்கக் கட்டங்களாகப் பிரிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. அந்தப் பிரிவினையில் 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட மனையே வழக்கமான அளவாக நிலைபெற்றது. ஒரு குடும்பம் பின்புறத் தோட்டத்தோடு வாழ அது போதும். ஆனால் கப்பல் கப்பலாக மக்கள் வந்திறங்கத் தொடங்கியபோது, அதே மனையில் ஐந்தாறு மாடி எழுப்பி, மாடிக்கு நான்கு குடும்பம் வைப்பது இலாபம் என்று நிலக்காரர்கள் கண்டார்கள். முன்னும் பின்னும் மட்டுமே திறப்பு. இருபக்கமும் அடுத்த கட்டடத்தின் சுவர். ஒரு மாடியில் பன்னிரண்டு அறை இருந்தால் நான்கு அறைகளுக்குத்தான் வெளிச்சம் வரும். மற்றவை பகலிலும் விளக்கு வேண்டுகிற அறைகள். நம் பெரியவர்கள் ஒண்டுக்குடித்தனம் என்று சொன்னதை இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் பயன்படுத்த முடியாது.

ஆர்ச்சர்டு தெருவின் 97ஆம் எண் கட்டடம் 1863இல் எழுந்தது. ஒரு குடித்தனத்துக்கு மூன்று அறை. மொத்தம் 325 சதுர அடி. கழிப்பறை பின்கட்டில். 1935வரை அந்த ஒரே கட்டடத்தில் ஏறத்தாழ 7,000 பேர் மாறிமாறிக் குடியிருந்தார்கள். சட்டம் கேட்ட திருத்தங்களைச் செய்வதைவிடக் குடியிருப்போரை வெளியேற்றிப் பூட்டுவது மேல் என்று 1935இல் உரிமையாளர் முடிவெடுத்தார். பூட்டிய கதவுகள் அரை நூற்றாண்டு அப்படியே கிடந்ததால், 1988இல் அது அருங்காட்சியகத்துக்கு வாய்த்தது. வறுமையைப் பாதுகாத்து வைப்பதற்கு அலட்சியத்தைப் போன்ற பெட்டகம் வேறில்லை.

1867இல் முதல் சட்டம் வந்தது. தீயிறக்கப் படிகளும், இருபது பேருக்கு ஒரு கழிப்பிடமும் வேண்டும் என்றது. இருட்டை அது பெரிதாகத் தொடவில்லை. 1878இன் இறுதியில் குழாய்ப்பணித் துறைப் பத்திரிகை ஒன்று ஒரு போட்டி அறிவித்தது: அதே 25 அடி மனையில், வீட்டுக்காரருக்கு நட்டமில்லாமல், குடியிருப்போருக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும் கட்டட வரைபடம் வேண்டும். முதற்பரிசு பெற்றவர் ஜேம்ஸ் வேர் என்னும் கட்டடக் கலைஞர். கட்டடத்தின் இடுப்பை இருபக்கமும் சற்று ஒடுக்கி, உடற்பயிற்சிக் கர்லாக்கட்டை போன்ற வடிவம் ஒன்றைத் தந்தார். ஒடுங்கிய இடத்தில் ஒரு காற்றுக்குழி. அதை நோக்கி உள்ளறைகளுக்கு ஜன்னல். 1879ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் இந்த வடிவமே நகரெங்கும் பரவியது.

காற்றுக்குழியின் அகலம், ஒரு கட்டடத்தின் பங்குக்கு 28 அங்குலம். அடுத்த கட்டடமும் அவ்வாறே விட்டால் ஐந்தடிக்கும் குறைவு. உயரமோ ஐந்தாறு மாடி. அந்தக் கிணற்றின் அடிவரை வெயில் இறங்கவேண்டுமானால் சூரியன் நேர் உச்சிக்கு வரவேண்டும்; அந்த அட்சரேகையில் அது ஒருநாளும் வராது. வெயிலுக்குப் பதிலாக அதில் இறங்கியது குப்பை. மாடியிலிருந்து கொட்டப்பட்ட எச்சிலும் எலும்பும் அடியில் அழுகின. கோடையில் நாற்றம் தாளாமல் ஜன்னலை மூடினார்கள். ஒரு வீட்டுச் சண்டையை ஐந்து வீடுகள் கேட்டன. தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கியாகி நெருப்பை மாடிக்கு மாடி கொண்டுசென்றது. பரிசு பெற்ற படைப்புகள் எல்லாக் காலத்திலும் நன்மை செய்வன என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

1890இல் ஜேக்கப் ரீஸ் என்னும் டென்மார்க் நாட்டுப் பத்திரிகையாளர், அப்போது புதிதாக வந்திருந்த பளிச்சொளித் தூளைப் பயன்படுத்தி இருட்டறைகளைப் படம்பிடித்து, நகரத்தின் மறுபாதி எப்படி வாழ்கிறது என்று விளக்கும் நூலை வெளியிட்டார். யூதர்கள் நெருங்கி வாழ்ந்த பத்தாம் வார்டில் சதுர மைலுக்கு 3,30,000 பேர் என்று அவர் கணக்குச் சொன்னார். அவருடைய படங்கள் நகரத்தின் மனச்சாட்சியை உலுக்கின என்பது உண்மை. தூங்குகிறவர்கள் முகத்தில் வெளிச்சத்தை வெடிக்கச் செய்துதான் அவற்றில் பலவற்றை எடுத்தார் என்பதும், இத்தாலியரையும் யூதரையும் சீனரையும் பற்றி அவர் எழுதியவற்றுள் சில பக்கங்களை இன்று கூசாமல் படிக்க முடியாது என்பதும் உண்மையே. இரக்கம் மரியாதையோடு சேர்ந்து வருவது அருமை.

என் மதிப்பில் ரீஸைவிடப் பெரிய காரியம் செய்தவர் லாரன்ஸ் வெய்லர். புகைப்படத்தால் முடியாததை அவர் அட்டையால் செய்தார். 1900ஆம் ஆண்டு பிப்ரவரியில், செல்வர்கள் உலாவும் ஐந்தாம் அவென்யூவில் ஒரு கண்காட்சி வைத்தார். அதில் கிறிஸ்டி, ஃபோர்சித், கெனால், பேயர்டு ஆகிய நான்கு தெருக்களுக்கு உட்பட்ட ஒரே ஒரு கட்டத்தை அட்டையில் மாதிரியாகச் செய்து வைத்திருந்தார். பக்கத்தில் கணக்கு: 39 கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 மனிதர்கள். கழிப்பிடங்கள் 264. குளியலறை ஒன்றுகூட இல்லை. வெளிக்காற்றே படாத இருட்டறைகள் 441. காற்றுக்குழியை மட்டும் நம்பியிருந்தவை 635. ஐந்தாண்டுகளில் பதிவான காசநோய் 32. ஆண்டு வாடகை வருமானம் 1,13,964 டாலர். இந்தக் கடைசி எண்ணை மற்றவற்றோடு சேர்த்து வைத்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. அடுக்கிய எண்களே போதும், உரை தேவைப்படவில்லை.

அப்போது மாநில ஆளுநராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணைக்குழுவை அமைத்தார். 1901 ஏப்ரலில் புதிய சட்டம் நிறைவேறியது. இனிக் கட்டும் கட்டடம் மனையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் அடைக்கக்கூடாது. ஒவ்வோர் அறைக்கும் தெருவையோ முற்றத்தையோ நோக்கிய ஜன்னல் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். இந்த விதிகளோடு 25 அடி மனையில் இலாபமாகக் கட்டவே முடியாது என்றாகிவிட்டது. அதன்பின் எழுந்த கட்டடங்கள் 40, 50 அடி மனைகளைத் தேடிப் போயின. 90 ஆண்டுப் பழைய மனைக்கணக்கை ஒரு ஜன்னல் விதி மாற்றிற்று.

ஏற்கெனவே எழுந்து நிற்கும் பல்லாயிரம் கட்டடங்களை என்ன செய்வது? இடிக்க முடியாது. வெளிச்சுவர் இல்லாத உள்ளறைக்கு வெளிஜன்னல் வைக்கவும் முடியாது. எனவே சட்டம் ஒரு சமரசம் செய்தது: வெளிச்சம் உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் இடைப்பட்ட சுவரை அறுத்து, குறைந்தது மூன்றடிக்கு ஐந்தடி அளவில் ஒரு ஜன்னல் பொருத்து. அவ்வாறு திறப்பு வேண்டிய உள்ளறைகள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் என்று புதிதாக அமைந்த துறை கணக்கெடுத்தது. பக்கத்து அறை வாங்கிய வெயிலில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. மக்கள் அதற்கு வைத்த பெயர் காசநோய் ஜன்னல்.

பெயரில் மிகை இல்லை. காசநோய்க்குக் கிருமி காரணம் என்று ராபர்ட் காக் 1882இல் கண்டறிந்தார். மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்களிடம் இருந்தவை வெயில், காற்று, சத்துணவு, ஓய்வு. நான்கும் அந்த வட்டாரத்தில் கிடைக்காதவை. பகலெல்லாம் தையற்கூடமாக இருந்த அறையே இரவில் படுக்கையறை. பஞ்சுத்தூசியும் இஸ்திரிப்பெட்டியின் புகையும் நெஞ்சில் இறங்கின. இத்திஷ் மொழியில் எழுதிய முதல் தலைமுறைத் தொழிலாளிக் கவிஞர்கள் இந்த அறைகளில் இருந்தே வந்தார்கள். மோரிஸ் ரோசன்ஃபெல்டு தையற்கூடத்தில் இஸ்திரி போட்டவர். 1898இல் ஹார்வர்டு பேராசிரியர் லியோ வீனர் அவர் பாடல்களை ஆங்கில உரைநடையாக்கத்தோடு பதிப்பித்தபோது, அத்தெருக்களுக்கு ஒருநாளும் வந்திராதவர்கள் அவரைப் படித்தார்கள். டேவிட் எடல்ஸ்டாட் சட்டைக்குப் பொத்தான் துளை போடும் தொழிலாளி. காசநோய் பற்றியதும் உலர்ந்த காற்றை நாடி டென்வர் நகருக்குப் போய், 1892இல் இருபத்தாறாவது வயதில் அங்கேயே இறந்தார். சட்டம் ஒன்பது ஆண்டு தாமதம்.

வெளிச்சம் சும்மா வரவில்லை. வீட்டுக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கொல்லைப்புறக் கழிப்பிடங்களை அகற்றி உட்கழிப்பறை கட்டச் சொல்வது சொத்துரிமையைப் பறிப்பது என்று மோஷன் வழக்கில் வாதிட்டார்கள். அது நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1906இல் சட்டத்தின் பக்கம் தீர்ந்தது. மறுபுறம், 1904இலும் 1907இன் முடிவிலும் வட்டாரத்துக் குடித்தனக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், உயர்ந்துகொண்டே போன வாடகையை எதிர்த்துத் தர மறுத்துப் போராடினார்கள். இரண்டாவது போராட்டத்தை முன்னின்று நடத்திய பாலின் நியூமன் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண். வெய்லர் இந்தக் கூட்டத்தில் இல்லை. அரசே ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதைக்கூட அவர் எதிர்த்தவர். வெயிலுக்குக் குறைந்த அளவு எவ்வளவு என்று சட்டம் சொல்லலாம். அதன் விலையைச் சட்டம் சொல்லலாகாது என்பது அவர் கட்சி. இந்த இடத்தில்தான் பின்னால் வந்த நூறாண்டுச் சிக்கலின் முடிச்சு விழுந்தது என்று நினைக்கிறேன்.

விலையையும் சேர்த்துச் சிந்தித்தவர் மேயர் லாகார்டியா. அவருடைய முதல் மனைவி 1921இல் காசநோயால் இறந்தவர். 1934இல் அவர் காலத்தில் நகர வீட்டுவசதி ஆணையம் தோன்றியது. மூன்றாம் தெருவும் அவென்யூ ஏயும் சேரும் முனையில் பழைய கட்டட வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு, மூன்றில் ஒன்றை இடித்து, நடுவே வெயிலை விடுவது என்று திட்டமிட்டார்கள். சுவர்கள் தாங்காததால் பெரும்பாலும் புதிதாகவே கட்ட நேர்ந்தது. 1935 டிசம்பர் 3இல் திறந்த அந்த 122 வீடுகளுக்கு 'முதல் வீடுகள்' என்றே பெயர். இடம் தர மறுத்த ஓர் உரிமையாளரின் வழக்கும் 1936இல் தோற்றது. அந்தப் பக்கம் நடந்துபோகும் போதெல்லாம் வீடுகளின் பின்முற்றத்தை எட்டிப் பார்ப்பேன். பனிக்காலத்திலும் அங்கே தரையில் வெயில் கிடக்கும்.

விளம்பரத்தின் இரண்டாம் சொல்லுக்கு வருவோம்: புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்தது யார்?

1910களில் எழுந்த 'இளையோர்' என்னும் இத்திஷ் கவிஞர் குழுவில் மானி லெய்ப் செருப்புத் தைத்தவர். ஜிஷே லாண்டவ் வீடுகளுக்குச் சாயம் பூசியவர். அவர்களோடு சேர்த்தெண்ணப்படும் ஹெச். லெய்விக், சைபீரியச் சிறைவாசத்திலிருந்து தப்பி 1913இல் நியூயார்க் வந்து, வீடுகளின் சுவர்களில் அலங்காரத் தாள் ஒட்டிப் பிழைத்தார். 'கோலெம்' என்னும் நாடகக் காவியம் எழுதிய கை, பகலில் பசைத் தூரிகை பிடித்த கை. அவரையும் காசநோய் விடவில்லை. 1930களில் சில ஆண்டுகள் டென்வர் மருத்துவமனையில் கழித்தார். இந்நகரத்து வீடுகளைப் புதுப்பித்தவர்களில் கவிஞர்களும் உண்டு. புதுப்பித்த வீட்டில் அவர்கள் இல்லை.

1924இன் குடியேற்றச் சட்டம் கிழக்கு, தெற்கு ஐரோப்பியர் வருகையை நெரித்தது. வட்டாரம் மெலிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புவெர்ட்டோ ரீக்கோ தீவிலிருந்து வந்தவர்கள் அதே மூன்றறை வீடுகளில் குடியேறினார்கள். 1960களில், வாடகை விளம்பரத்துக்கு வசதியாக, வட்டாரத்தின் வடபாதிக்கு மட்டும் கிழக்கு கிராமம் என்று புதுப்பெயர் வழங்கத் தொடங்கியது. தென்பாதிக்குப் பழைய பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த பத்தாண்டில் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்தது. வீட்டுக்காரர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தாமே தீவைத்தவர்களும் உண்டு. அவென்யூ பீக்குக் கிழக்கே தெருத்தெருவாகக் கரிந்த சுவர்கள் நின்றன.

அந்தச் சாம்பலில்தான் இக்கட்டுரைக்கு எனக்கு மிகப் பிடித்த செய்தி கிடைத்தது. பதினொன்றாம் கிழக்குத் தெருவின் 519ஆம் எண் கட்டடத்தை, வட்டாரத்து மக்கள் தம் உடலுழைப்பையே முதலாக்கி, 1970களின் நடுவில் தாமே செப்பனிட்டார்கள். கூலி வாங்காத உழைப்புக்கு ஈடாக வீட்டில் உரிமை என்பது ஏற்பாடு. கூரைமேல் வெந்நீருக்குச் சூரிய வெப்பத் தகடுகளையும், 1976இல் மின்சாரத்துக்குக் காற்றாலை ஒன்றையும் நிறுவினார்கள். மிகுந்த மின்சாரம் நகரக் கம்பிக்குத் திரும்பி ஓடியது. மின்நிறுவனம் மறுத்தது, பிணக்கு அரசு ஆணையத்திடம் சென்று கட்டடத்தாருக்குச் சாதகமாயிற்று. சிறு உற்பத்தியாளரிடமிருந்து மின்நிறுவனங்கள் மின்சாரம் வாங்கியாக வேண்டும் என்ற நாடு தழுவிய சட்டம் 1978இல் வந்தது. உள்ளே வெயில் வராத வட்டாரத்தில், கூரைக்கே ஏறிப்போய் அதைப் பிடித்து வந்தவர்கள் அவர்கள்.

அதே ஆண்டுகளில், அருகிலேயே ஆறாம் கிழக்குத் தெருவில் மிகெல் அல்காரின் தம் வீட்டு அறையில் கவிஞர்களைக் கூட்டிவந்தார். இடம் போதாமல் போனதும் 1975இல் தெருவில் ஓரிடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். நியூயார்க்கும் புவெர்ட்டோ ரீக்கோவும் கலந்த நுயொரிக்கன் என்ற பெயரில் அந்தக் கவிதைக் கூடம் விளங்கிற்று. 1981இல் மூன்றாம் கிழக்குத் தெருவில் ஒரு பழங்கட்டடத்தையே வாங்கினார்கள். பத்தாண்டில் நான்கு இடம் மாறிய நம் வட்டத்தின் உறுப்பினர்கள் இந்த 'வாங்கினார்கள்' என்ற சொல்லில் ஒரு கணம் நின்று பெருமூச்சு விடலாம். கீழ்க் கிழக்குப் பகுதி என்பதை ஸ்பானிய நாவால் உருட்டி 'லோயிசைடா' ஆக்கிய பெயர், பிம்போ ரிவாஸ் 1974இல் எழுதிய கவிதையால் நிலைபெற்று, 1987இல் அவென்யூ சீக்கு நகராட்சி சூட்டிய பெயராகவும் ஆனது. மிகெல் பின்யேரோ 1988இல் இறந்தபோது, அவர் கவிதையில் கேட்டுக்கொண்டபடியே அவருடைய சாம்பல் அத்தெருக்களில் தூவப்பட்டது.

பிறகு புதுப்பித்தல் வேறு பொருள் கொண்டது. நகரத்தில் வாடகை வரம்புச் சட்டங்கள் நெடுங்காலமாக உண்டு. 1990களில் அவற்றில் ஒரு கதவு திறந்தது. குடியிருந்தவர் காலி செய்தபின் ஒரு வீட்டின் சட்டப்படியான வாடகை மாதம் 2,000 டாலரை எட்டினால், அந்த வீடு வரம்பைவிட்டே வெளியேறிவிடும். எட்ட வைப்பது எப்படி? காலியான வீட்டைப் புதுப்பிக்கச் செலவிட்ட தொகையில் நாற்பதில் ஒரு பங்கை மாத வாடகையில் நிரந்தரமாக ஏற்றிக்கொள்ள விதி இடம் தந்தது. 40,000 டாலர் செலவு என்றால் மாதம் 1,000 டாலர் ஏற்றம். செலவு நாற்பது மாதத்தில் திரும்பியபின்னும் ஏற்றம் இறங்காது. ஆக, பழைய குடித்தனக்காரர் போய்ச்சேர்ந்தால் ஆதாயம். போகாவிட்டால் போகவைப்பதற்கு வழி தேடலாம். புதிய குளியலறை, மெருகேற்றிய தரை, வெள்ளைச் சுவர் என்று நான் வியந்தவை எல்லாம் இந்த வாய்ப்பாட்டின் உறுப்புகள். என் மருமகன் குடியிருக்கும் வீடும் இப்படி வெளியேறிய ஒன்றுதான்.

2019இல் மாநிலச் சட்டமன்றம் அந்தக் கதவை மூடியது. அதற்குள் வரம்புத்தொகை 2,774 டாலரைத் தாண்டியிருந்தது. புதுப்பிப்புச் செலவில் வாடகைக்கு ஏறக்கூடியது 15 ஆண்டுக்கு 15,000 டாலர் என்றும், ஏற்றம் சிறு கட்டடங்களில் 168இல் ஒரு பங்கு என்றும் சுருங்கியது. அதாவது மாதம் 89 டாலர். இந்த வருமானத்தில் பழைய வீடுகளைச் செப்பனிட முடியாது, பூட்டியே வைக்கிறோம் என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். 2024இல் உச்சவரம்பு 30,000 ஆகவும், சில வகை வீடுகளுக்கு 50,000 ஆகவும் உயர்ந்தது. ஆர்ச்சர்டு தெருவில் 1935இல் நடந்ததும் பூட்டுத்தானே என்று எனக்குத் தோன்றியது. உரிமையாளர் முறையீட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நூறாண்டுக் கூரை ஒழுகத்தான் செய்யும்.

கைவிடப்பட்ட கட்டடங்களில் உரிமையின்றிக் குடிபுகுந்து செப்பனிட்டு வாழ்ந்தவர்களின் கதை தனி. 1980களிலும் 1990களிலும் காவல்துறையோடு மல்லுக்கு நின்றவர்களுள் எஞ்சியவர்களின் 11 கட்டடங்கள், 2002இல் கட்டடத்துக்கு ஒரு டாலர் விலையில் ஓர் இலாபநோக்கற்ற அமைப்பின் வழியாக அவர்களுக்கே சேர ஏற்பாடாயிற்று. இந்நகரத்தில் ஒரு டாலருக்குக் கட்டடம் என்பதை இருமுறை படித்துத்தான் நம்பினேன்.

மூன்றாவது, பூங்காவுக்கு அருகில். டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்கா. 1874 ஜனவரியில் வேலையற்றோர் கூட்டம் ஒன்று இங்கே தடியடிபட்டது. 1904இல் ஜெனரல் ஸ்லோகம் என்னும் உல்லாசப் படகு தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அவர்களில் பெரும்பாலோர் இப்பூங்காவைச் சுற்றி வாழ்ந்த ஜெர்மானியக் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும். அதற்கான சிறு நீரூற்றுச் சின்னம் உண்டு. யாரும் அதன்முன் நிற்பதை நான் காணவில்லை. 1988 ஆகஸ்டில் இரவுநேரத் தடையை எதிர்த்து மூண்ட கலவரத்தில், கூட்டத்தின் சினம் பூங்காவின் கிழக்கே நிற்கும் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றின்மீது திரும்பியது. அதுதான் கிறிஸ்டோடோரா இல்லம்.

1897இல் தொடங்கிய ஒரு சமூகத்தொண்டு நிறுவனம் 1928இல் எழுப்பிய கட்டடம் அது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், நாடக அரங்கு எல்லாம் ஏழை மக்களுக்காக. அந்த நிறுவனத்தின் நிழலில் அன்னா ஹெம்ஸ்டெட் பிராஞ்ச் என்னும் கவிஞர் கவிஞர் கழகம் ஒன்றை நடத்தினார். எட்வின் ஆர்லிங்டன் ராபின்சன், ராபர்ட் ஃபிராஸ்ட் போன்றோர் அதில் உறுப்பினர்கள். கவிதைகளைத் தனித்தனித் தாளில் அச்சிட்டு மலிவாக விற்றார்கள். கட்டப்படாத தொகுப்பு என்று அதற்குப் பெயர். ஒரு கவிதை வாங்க ஒரு நூலின் விலை தேவையில்லை என்ற எண்ணம் எவ்வளவு பெரியது! 1975இல் நகரம் அந்தக் கட்டடத்தை ஏலத்தில் 62,500 டாலருக்கு விற்றது. 1986இல் அது செல்வர் வாங்கும் சொந்த வீடுகளாயிற்று. உயரத்தில் இருப்பதால் நான்கு பக்கமும் வெயில். 1988இல் கல்லெறிந்தவர்களுக்கு உள்ளே ஒரு காலத்தில் கவிதை வாசித்த செய்தி தெரிந்திருக்குமா என்பது ஐயமே. தெரிந்திருந்தால் இன்னொரு கல் கூடுதலாக விழுந்திருக்கும்.

நுயொரிக்கன் கூடமும் பெரும் புதுப்பிப்புப் பணிக்காக 2023இல் மூடப்பட்டது. அல்காரின் 2020இலேயே காலமாகிவிட்டார். ஆனால் அது அவர்களே வாங்கிய கட்டடம். சாரங்களைக் கழற்றியபின் உள்ளே யார் நுழைவது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். கிறிஸ்டோடோராவின் கவிஞர்களுக்கு அந்த உரிமை இருக்கவில்லை.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்காரரின் ஆள் ஒருவர் வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். அடுத்த முறை வீடு காலியாகும்போது முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள சுவரையே எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கப் போகிறார்களாம். ஜன்னலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எந்த ஜன்னல் என்றார்.

அன்று மேகமில்லை. பகல் ஒன்றரை மணி வாக்கில், எதிர்வரிசைக் கூரைக்கு மேலாகத் தாழ்ந்து வந்த வெயில், முன்னறையைக் குறுக்காகக் கடந்து, அந்த மூன்றடிக்கு ஐந்தடியின் வழியாக உள்ளறைக் கட்டிலின் போர்வைமீது விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் இருந்தது.